அள்ளுவதும் இறைப்பதும்

கிணற்றுக்கு நடுவே மதில் போயிருந்தது.

வளவின் எல்லையை ஒட்டி வந்த மதில் கிணற்றுக்கட்டில் ஏறி, வாய்க்குக் குறுக்காகப் போட்ட கொங்கிரீட் உத்தரத்தின் மேல் கடந்து, எதிர்ப்பக்கம் மறுபடி தரையில் இறங்கியது. இந்தப் பக்கம் அரைவட்டம். ஒரு கப்பி, நைலான் கயிறு, விளிம்பு நெளிந்த இரும்பு வாளி. நான் குனிந்து எட்டிப் பார்த்தேன். மதில் மேலே மட்டும்தான். உத்தரத்துக்குக் கீழே கிணறு முழு வட்டமாகவே இருந்தது. தண்ணீரும் ஒன்றாகவே இருந்தது.

"என்ன தம்பி, அதிசயமாய்ப் பாக்கிறியள்? இஞ்சை கன இடத்திலை இப்பிடித்தான்" என்றார் நண்பரின் பெரியம்மா.

சென்னையில் என் தெருவில் குடியிருக்கும் நண்பர் யாழ்ப்பாணத்துக்காரர். சுன்னாகத்துக்குப் பக்கத்தில் தாய்வழி வந்த கிணற்றுப் பங்கு ஒன்றைப் பெரியம்மாவின் பெயருக்கு எழுதிக் கொடுக்கப் போகிறேன், கூட வருகிறாயா என்று கேட்டார். கிணற்றில் பங்கு என்றதும் கிளம்பிவிட்டேன். நான் பல்லடம் பக்கத்தில் பிறந்தவன். பங்குக் கிணற்றில் யாருடைய முறை என்று விடியற்காலையில் பெரியவர்கள் மண்வெட்டியோடு நின்று சத்தம் போட்டதைக் கேட்டு வளர்ந்தவன். அந்தக் கிணறுகள் அத்தனையும் இன்று வறண்ட குழிகள். ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடியைத் தாண்டியதும் சண்டை போடக்கூட ஆளில்லாமல் போனது. யாழ்ப்பாணத்தில் இன்னமும் கிணற்றுக்குள் தண்ணீர் இருக்கிறது, சண்டையும் இருக்கிறது என்பது எனக்கு ஒரு விதத்தில் நல்ல செய்தியாகவே பட்டது.

புரட்டாசி மாதம். கொழும்புக் கோட்டையிலிருந்து வந்த ரயில் ஆனையிறவைத் தாண்டும்போது இரண்டு பக்கமும் வெயிலில் காய்ந்த உப்பளம் கண்ணைக் கூசவைத்தது. குடாநாட்டில் வருடம் முழுதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறு என்று ஒன்று உண்டு. மழைக்காலத்தில் மட்டும் அது ஆறு. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்வதை நிலம் குடித்து வைத்துக்கொள்ள வேண்டும், மீதி மாதங்களுக்கு அதுதான். சுன்னாகம் நிலையத்தில் இறங்கி ஆட்டோவில் போகையில், செம்பாட்டு மண் தோட்டங்களில் வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு கிணறு, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கிணறு, சில வீடுகளுக்குப் பாதிக் கிணறு.

பெரியம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. தனியாக இருக்கிறார். பெட்டியைத் திறந்து உறுதியை எடுத்து வந்தார். காணிப் பத்திரத்தை அங்கே உறுதி என்கிறார்கள். அந்தச் சொல்லே எனக்குப் பிடித்தது. பழுப்பேறிய தாளில் நொத்தாரிசின் கையெழுத்து. காணியின் பெயர், பரப்புக் கணக்கு, நாலு திசை எல்லை, பிறகு கிணற்றில் நாலிலொரு பங்கும், தண்ணீர் அள்ளப் போய்வரும் பாதையும், வழிவாய்க்கால் உரிமையும். நண்பரின் அம்மாவுக்கு ஒரு பங்கு, பெரியம்மாவுக்கு ஒரு பங்கு, அவர்களுடைய தம்பிக்கு இரண்டு. பெண்பிள்ளைகளின் பங்கு சீதனமாக வந்தது. தம்பி போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மகன்தான் இப்போது மதிலுக்கு அந்தப் பக்கம். பெரியம்மாவுக்குச் சொந்த மருமகன்.

"முந்தி இதிலை வேலி இருந்தது. கதியால் போட்டு, கிடுகு அடைச்ச வேலி. அதிலை ஒரு பொட்டு" என்று மதிலில் ஓர் இடத்தைக் கையால் தொட்டுக் காட்டினார்.

பொட்டு என்றால் வேலியில் ஆள் குனிந்து நுழைகிற இடைவெளி. ஐந்து வீட்டுக்காரர் அந்தப் பொட்டு வழியாக வந்து தண்ணீர் அள்ளியிருக்கிறார்கள். கிணற்றடியில் பூவரச மரத்தை ஆடுகாலாக வைத்துத் துலா நின்றது. தோட்டத்துக்கு இறைக்கும் நாளில் ஒருவர் துலாவின் மேல் முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, இன்னொருவர் பட்டையைச் சரித்து வாய்க்காலில் ஊற்றுவார். பெரியம்மாவின் அப்பா மிதிக்கும்போது பாடுவாராம். காலை நாலரைக்கு முதல் வாளியை விடுவது அவருடைய அம்மா. குடிக்கவும் சமைக்கவும் எல்லாரும் அள்ளி முடியும் வரை ஒருவரும் கிணற்றடியில் குளிக்கக்கூடாது. சவர்க்காரம் போட்டுத் துவைக்கும் தண்ணீர் வாழைக்குப் போக வேண்டும், கிணற்றுப் பக்கம் திரும்பக்கூடாது. பங்குனிக்குப் பிறகு தோட்டத்துக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் இறைப்பு. இதெல்லாம் எந்தத் தாளிலும் இல்லை.

"அப்ப சண்டையே வராதோ?" என்று கேட்டேன்.

"ஏன் வராது? கிழமைக்கு ரெண்டு வரும். ஆனா அடுத்தநாள் விடிய அந்த முகத்திலைதான் முழிக்கோணும். தண்ணி அள்ளாமல் இருக்கேலுமோ?"

இதைத்தான் நான் அந்த ஐந்து நாளும் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்து மனிதர்கள் நல்லவர்கள், இப்போது கெட்டுவிட்டார்கள் என்பதெல்லாம் இல்லை. கயிறு பிடித்து இழுத்த கைக்கு ஓர் அளவு இருந்தது. இருபது வாளிக்கு மேல் தோள் வலிக்கும். எடுக்கிறவரைப் பார்க்கிற கண்ணும் பக்கத்திலேயே இருந்தது. மோட்டருக்குத் தோளில்லை. அதைப் போடுகிறவர் கிணற்றடிக்கு வரவே வேண்டாம், சமையலறைச் சுவரில் சுவிட்ச் இருக்கிறது.

சண்டை எப்படி முளைத்தது என்று இரண்டு பக்கமும் கேட்டேன். 1995 அக்டோபரில் போருக்கு அஞ்சி, சுன்னாகம் இருக்கும் வலிகாமப் பகுதியே ஒரே இரவில் கிளம்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது இந்தக் குடும்பமும் போனது. அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது துலாவைக் காணோம். கிணற்றுக்குள் ஓடும் மரமும் கிடந்தன. அத்தை வீடும் மருமகன் வீடும் சேர்ந்துதான் கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்தார்கள். அப்போது வேலி இல்லை, வேலி போடக் கிடுகுமில்லை. பிறகு காலம் கொஞ்சம் திரும்பியது. மருமகன், வெளிநாட்டிலிருந்து ஊர் பார்க்க வருகிறவர்கள் தங்கட்டும் என்று மூன்று அறைகள் கட்டினார். அறைக்கு ஒரு குளியலறை. கூரையில் கறுப்புத் தாங்கி, ஆயிரம் லீட்டர். விருந்தாளிகள் வந்த முதல் வைகாசியில் பெரியம்மாவின் வாளி தரையில் தட்டியது. ஒரு வாரம் கழித்துத் தேநீரில் சவர் தெரிந்தது. வாய்ப்பேச்சு முற்றி, பொட்டு இருந்த இடத்தில் மதில் எழுந்தது. அதோடு அந்தப் பாதையால் வந்துகொண்டிருந்த மற்ற வீடுகளின் வரத்தும் நின்றுபோனது.

மறுநாள் நண்பரோடு மதிலின் அந்தப் பக்கமும் போனேன். மச்சான் என்று கட்டிப்பிடித்து வரவேற்றார் அவர். கோபக்கார முகமே இல்லை. வங்கிக் கடன், மூன்று பெண்பிள்ளைகள். "மாமிக்குத் தண்ணி இல்லாமல் நான் குடிப்பனோ? ஆனா வாற சனத்துக்கு வாளியைக் குடுத்து அள்ளிக் குளியுங்கோ எண்டு சொல்லேலுமோ, சொல்லுங்கோ" என்றார். நியாயம்தான். அவர் பக்கத்து அரைவட்டத்தைக் கொங்கிரீட் பலகையால் மூடியிருந்தார். குழாய் இறங்க ஒரு துளை. ஒரு முழச் சதுரத்தில் தகரக் கதவு. அதைத் திறந்து பார்த்தேன். உள்ளே இருட்டு. அவர் பக்கத்து உள்சுவருக்குச் சீமெந்து பூசிவிட்டதால் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று சொல்ல ஒரு அடையாளமும் இல்லை.

தேநீரில் சவர் தெரிந்ததற்குக் காரணம் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. அது எனக்கு நிலாவரையில் விளங்கியது. புத்தூர் வழியில் நவக்கிரியில் இருக்கும் அந்தக் கிணறு வற்றாது, அடி காணமுடியாது என்பார்கள். இராமர் அம்பு விட்ட இடம் என்றும் கதை உண்டு. படியில் இறங்கிக் கையில் அள்ளிக் குடித்தால் நல்ல தண்ணீர். ஆழத்தில் அதே கிணறு உப்பு. குடாநாடு முழுவதுமே அப்படித்தான். கீழே சுண்ணக்கல், கல்லுக்குள் ஓட்டைகளும் குகைகளும். கடல் அடியால் உள்ளே வந்திருக்கிறது. மழைத்தண்ணீர் அதன் மேல் பாலாடை போல மிதக்கிறது. நன்னீர் கடல்நீரைவிட நாற்பதில் ஒரு பங்கு எடை குறைந்தது. அதனால் கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும். இந்தக் கணக்குத் திரும்பியும் வேலை செய்யும். மேலே ஓரடி குறைந்தால், காலப்போக்கில் கீழே உப்பு நாற்பது அடி ஏறும். ஒரே இடத்தில் விசையாக இழுத்தால் அந்த இடத்தில் மட்டும் உப்பு கூம்பு போல எழுந்து வரும். மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக, மேலாக எடுத்தால் எல்லாருக்கும் உண்டு. ஒருநாள் விட்டு ஒருநாள் இறைத்த அந்தப் பழைய ஒழுங்கு இந்தக் கணக்கைப் படிக்காமலே தெரிந்துவைத்திருந்தது.

உப்பு மட்டுமா? சுன்னாகத்தில் 2014 வாக்கில், அங்கிருந்த மின்நிலையத்திலிருந்து கசிந்த எண்ணெய் வீட்டுக் கிணறுகளில் மிதந்தது. வாளியில் வானவில் போலப் படலம் இருக்கும் என்றார் ஒரு கடைக்காரர். தெருமுனைகளில் தாங்கி வைத்து பவுசரில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். வழக்கு கொழும்பு உச்சநீதிமன்றம் வரை போனது. 2019 ஏப்ரலில், மின்நிலையத்தை நடத்திய தனியார் நிறுவனம் ஊர்மக்களுக்கு இரண்டு கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவர்தான் செலவை ஏற்க வேண்டும் என்று நீதிமன்றம் எழுதியதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். ஆனால் வீட்டுக்கு வீடு நடப்பதற்கு அப்படி ஒரு நீதிமன்றம் இல்லை. தோட்டத்தில் போடும் உரமும் மலசலகூடக் குழியும் சேர்ந்து வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்றை ஏற்றியிருக்கின்றன. லீட்டருக்கு 50 மில்லிகிராம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் எல்லை. அதைத் தாண்டிய கிணறுகள் பல. பால்குடிக் குழந்தைகளுக்கு ஆகாத தண்ணீர் அது. பார்க்கத் தெளிவாக இருக்கும், குடிக்க இனிக்கும். மருமகனின் புதிய குழி கிணற்றிலிருந்து எத்தனை அடி என்று நான் எட்டு வைத்து அளந்து பார்த்தேன். பெரியம்மாவின் பழைய குழியும் அதைவிடத் தூரமில்லை. அதை நான் அவரிடம் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார்.

பொதுக் கிணற்றின் பெருமையை மட்டும் எழுதிவிட்டுப் போனால் நான் பொய் சொன்னவனாவேன். பொட்டு வழியாக வந்த ஐந்து வீடும் ஒரே சாதி. அதற்கு வெளியே இருந்தவர்கள் கிணற்றுக்கட்டைத் தொட முடியாது. குடத்தோடு தள்ளி நின்று, யாராவது மனம் வைத்து அள்ளி ஊற்றும் வரை காத்திருக்க வேண்டும். ஈழத்து எழுத்தாளர் கே. டானியல் தன் நாவல் ஒன்றுக்குத் 'தண்ணீர்' என்றே பெயர் வைத்தார். சாதிக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இல் வந்தது. கிணற்றடிக்கு அது வந்துசேர இன்னும் பல வருடங்கள் ஆயின. இதைப் பெரியம்மாவிடமே கேட்டேன். "ஓம். நிண்டவை. நானும் ஊத்தியிருக்கிறன்" என்றார். குரல் தாழ்ந்திருந்தது. "ஒருநாள் ஒரு கிழவி, பிள்ளை கையை உயர்த்தி ஊத்தாதை, சிந்துது எண்டு சொன்னவ. எங்கட தண்ணியிலை அவவுக்கு இருந்த கவனம் எங்களுக்கு இருக்கேல்லை." அந்தக் கிழவியின் பேரப்பிள்ளைகளுக்கு இப்போது சொந்தக் கிணறு இருக்கிறது. அது நடந்தது நல்லது. யாரும் யாருடைய கைக்கும் காத்திருக்க வேண்டாம் என்பதற்காகக் கிணறுகள் பெருகினால், பெருகட்டும்.

நான்காம் நாள் நொத்தாரிசைப் பார்க்கப் போனோம். வயதானவர், மெதுவாகப் பேசுகிறார். உறுதியை ஒரு தடவை முழுதும் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதிலை என்ன எழுதியிருக்கு? தண்ணி அள்ள உரிமை. அள்ள. இறைக்க எண்டு இல்லை. மோட்டர் போடுறது அள்ளுறதோ இறைக்கிறதோ? இந்த ஒரு சொல்லுக்கு மல்லாகம் கோட்டிலை பத்து வருசம் வழக்காடலாம்."

அள்ளுவது கையால், வாளியால், வீட்டுக்கு. இறைப்பது துலாவால், பட்டையால், தோட்டத்துக்கு. அந்தக் கால நொத்தாரிசுக்கு இரண்டும் வேறு வேறு என்று சந்தேகமே இருந்திருக்காது. உறுதி எழுதியபோது மூன்றாவது ஒன்று வரும் என்று அவருக்குத் தெரியாது. வீட்டுக்கு என்று இறைப்பது அது. சட்டம் என்று பார்த்தால் 1871ஆம் ஆண்டின் காலாவதிச் சட்டம் இருக்கிறது. பத்து வருடம் தடையின்றி அனுபவித்தால் உரித்து வந்துவிடும். மதில் பத்து வருடம் நின்றால் பாதை போய்விடும் என்பதும் அதில்தான் வரும். கைகலப்பு வரும்போலிருந்தால் பொலிஸ் அதை முதனிலை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். அதற்கு முன்னே மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி நடப்பது. ஊர்ப் பெரியவர்கள் மூவர் உட்கார்ந்து இரண்டு தரப்பையும் பேசவைப்பார்கள். தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். ஒத்துக்கொண்டால் எழுதிக் கையெழுத்து.

இவர்களுடைய வழக்கும் அங்கே போயிருக்கிறது. ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், பிள்ளைகளின் வாங்கில் அத்தையும் மருமகனும் உட்கார்ந்து ஒப்பமிட்ட தாளின் பிரதியை நண்பர் எனக்குக் காட்டினார். காலை அரைமணி, மாலை அரைமணி மோட்டர். அதற்குக் கீழே இன்னொரு வரி. கிணற்றில் பதின்மூன்றாவது கல்வரி முழுதும் வெளியே தெரிந்தால், தண்ணீர் ஏறும் வரை மோட்டர் போடுவதில்லை.

"இது ஆர் சொன்னது?" என்று கேட்டேன்.

"நான்தான். எங்கட அப்பு அப்பிடித்தான் எண்ணுவார்" என்றார் பெரியம்மா.

கிணற்றின் உள்சுவர் பொழிந்த வெள்ளைக்கல். வரி வரியாக அடுக்கியது. மேலிருந்து எண்ணிக்கொண்டு போனால் தண்ணீர் எந்த வரியில் நிற்கிறது என்று தெரியும். அந்தச் சுவர் இப்போது பெரியம்மாவின் பக்கத்தில்தான் மிச்சம் இருக்கிறது. மருமகனுக்கு எண்ணுவதற்குக் கல்லே இல்லை. ஆக, மோட்டர் போடலாமா கூடாதா என்பது பெரியம்மாவின் வாய்ச்சொல்லில் நிற்கிறது. அவரோடு பேசாத வீடு, அவர் எண்ணியதை நம்பித்தான் தாங்கியை நிரப்புகிறது.

வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தை 2024 ஆகஸ்டில் திறந்துவிட்டார்கள். நாளுக்கு 24,000 கனமீட்டர் கொள்ளளவு. குழாய் இந்தத் தெருவுக்கும் வரும் என்று பேச்சு. வரட்டும், நல்ல தண்ணீர் குடிக்கட்டும். தீவுப் பகுதியில் குடத்தை வைத்துக்கொண்டு பவுசருக்குக் காத்திருக்கும் பெண்களை நான் பார்த்தேன். அவர்களுக்கு முதலில் போகட்டும். ஆனால் குழாய் வந்த பிறகு நிலத்துக்கு அடியில் இருப்பதை யார் எட்டிப் பார்ப்பார்கள் என்ற கவலை எனக்கு உண்டு. என் ஊரில் நான் அதைக் கண்டவன். தமிழ்நாட்டில் நிலத்தடி நீருக்கென்று 2003இல் ஒரு சட்டம் செய்தோம்; நடைமுறைக்கே கொண்டுவராமல் 2013இல் விலக்கியும் விட்டோம். எங்கள் பக்கத்தில் கிணற்றுக்குள் இன்று ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை.

கிளம்பும் நாள் காலை. நண்பர் தன் பங்கைப் பெரியம்மாவுக்கு எழுதிவிட்டார். நொத்தாரிசிடம் சொல்லி, அள்ள என்ற சொல்லை அப்படியே விடச் சொன்னது பெரியம்மாதான். நான் முகம் கழுவத் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தேன். கப்பி கிறீச்சிட்டு ஓய்ந்ததும், கிணற்றுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. மதிலுக்கு மேலாக வரவில்லை. தகரக் கதவைத் திறந்து, குனிந்து, தண்ணீரைப் பார்த்துப் பேசுகிற சின்னப் பிள்ளையின் குரல். சுவரில் மோதிக் கீழிருந்து எழும்பியது.

"ஆச்சி! எத்தினையாம் வரி?"

பெரியம்மா வந்து கிணற்றுக்கட்டில் கையூன்றிக் குனிந்தார். விரலை நீட்டி, உதடு அசைய எண்ணினார். நானும் கூடவே எண்ணினேன். பன்னிரண்டு வரி வெளியே. பதின்மூன்றாம் கல்லின் மேல்விளிம்பு, ஈரம் மினுங்க, இரண்டு விரல் அளவுக்குத் தெரிந்தது. அன்றைக்கு அந்த வீட்டுக்கு லண்டனிலிருந்து ஒரு குடும்பம் வருகிறது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

நண்பர் குரலைத் தாழ்த்தி, "பதின்மூண்டு எண்டு சொல்லுங்கோ பெரியம்மா" என்றார்.

பெரியம்மா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"பன்னிரண்டு, பிள்ளை. பதின்மூண்டின்ட தலை தெரியுது. கொப்பாட்டைச் சொல்லு."

"ஓம் ஆச்சி."

தகரக் கதவு மூடும் சத்தம். சிறிது நேரத்தில் மோட்டர் உறுமியது. தண்ணீரில் நடுக்கம் பரவி எங்கள் பக்கத்துச் சுவரைத் தொட்டது. பெரியம்மா கட்டை விட்டு நகரவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். வழக்கமாக அரைமணி நேரம் ஓடும் மோட்டர் எட்டாவது நிமிடத்தில் நின்றது.